வரிசையில் நின்ற மாவுக்காளை

சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி எங்கள் ஊர் முக்கில் குடைசாய்ந்ததே, அந்த மார்கழி உங்களுக்கு நினைவிருக்கும். அரியலூர் பக்கம் ஆலைக்குப் போன லாரி. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் மேல்பக்கக் கதவைத் திறந்து ஏறி வந்து, எங்கள் தெருவில்தான் டீ குடித்தார். ஆனால் அந்தத் தூசி லேசில் போகவில்லை. வேப்பமரம், ஓடு, காயப்போட்ட துணி எல்லாம் வெள்ளை. எருமைகூட வெள்ளை. இந்த வருஷம் கோலமாவு வாங்க வேண்டாம் என்று பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். அந்த வெள்ளைப் பொங்கலைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முந்தின ஆவணியில் நான் என் மாட்டை விற்றிருந்தேன். ஜோடியில் ஒன்று முன்பே போய்விட்டது. மிச்சம் ஒற்றைச் செவலைக்காளை. கல்லங்குறிச்சித் தேருக்கு வண்டி கட்டிப் போனால் வழி சொல்லவே வேண்டாம், தானாகத் திரும்பும். என் முழங்கால் வைக்கோல் கட்டைத் தூக்க விடவில்லை. மகன் திருப்பூரில் இருக்கிறான். அரும்பாவூரில் ஒரு நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்தேன். இப்போதும் சுகமாக இருப்பதாகக் கேள்வி.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். மாட்டுப் பொங்கல் சாயங்காலம், மாடு உள்ள வீடெல்லாம் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் அடித்து, மாலை போட்டு, மாரியம்மன் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்த வேண்டும். பூசாரி ஒவ்வொரு வீட்டுப் பேராகச் சொல்லி மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பொங்கல் ஊட்டுவார். மாடு இல்லாதவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கலாம். என் அப்பா காலம் முழுக்க அடுத்தவர் மாட்டை மேய்த்தவர். வரிசையில் அந்த மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பூசாரி வாயிலிருந்து வருவது மாட்டுக்காரர் வீட்டுப் பேர். நான் ஒரு கன்றை வாங்கிக் கட்டின வருஷம்தான் எங்கள் வீட்டுப் பேர் அந்தக் கோயில் வாசலில் கேட்டது. அப்பா அன்றைக்குத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தூசி விழுந்துவிட்டது என்றார்.

லாரி விழுந்த கதையைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எதிர்வீட்டு மச்சான் ஆரம்பித்தார். அவர் வீட்டில் திமில் தளும்பத் தளும்ப ஒரு மயிலைக்காளை நிற்கிறது.

"என்னா மச்சான், இந்த வருசம் கயித்துக்கு அந்தாண்டையா? நாற்காலி போடச் சொல்லவா?"

"ரெண்டு போடு. கால நீட்டிக்கணும்" என்று நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற பேத்தி சிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் செவலையின் கயிற்றைப் பிடித்து வரிசையில் நின்றவள் அவள்தான். வீட்டுக்கு வந்ததும், "அப்ப நம்ம வூட்டுப் பேர சொல்ல மாட்டாங்களா தாத்தா?" என்றாள். நான் முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

என் மருமகள் ஆண்டிமடத்துக்காரி. செல்போனில் பார்த்துப் பார்த்துப் பலகாரம் பழகுகிறவள். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளைக் கூட்டி, குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, அதற்குள் தட்டு வைத்து நட்சத்திர பிஸ்கட் சுட்டாள். மேலே சர்க்கரைப் பூச்சு. பிள்ளைகள் ஆளுக்கொரு வண்ணம் பூசி, பூசினதைவிட நக்கினதுதான் அதிகம். அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே பேத்தி கேட்டாள்.

"நட்சத்திரம் வருதுன்னா மாடு வராதாம்மா?"

"வரும்டி. நாலு சுட்டுத் தரவா?"

"நாலு வாணாம். ஒண்ணு. பூசாரி தாத்தா கண்ணுக்குத் தெரியற மாரி பெருசா."

அப்போதுதான் அவள் மனசில் ஓடுவது எங்களுக்குப் புரிந்தது. மருமகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பூசாரி திட்டுவார் என்று ஒரு பக்கம், திட்டினால் திட்டட்டும் என்று ஒரு பக்கம்.

பெரிய மாடு குக்கருக்குள் போகாது. மருமகள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள பேக்கரி மாஸ்டரிடம் பேசி வைத்தாள். போகி அன்று மத்தியானம் அடுப்பு சும்மா இருக்கும், பன் போடுகிற நேரம் வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பேத்தி காலண்டர் அட்டையில் காளையை வரைந்து வெட்டிவிட்டாள். ஒரு முழ நீளம். திமில் முதுகின் பின்பக்கம் போய்விட்டது. "ஒட்டகமாம்மா?" என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் பேசவில்லை, ஆனால் திமிலைத் திருத்திவிட்டாள்.

மாவு வீட்டிலேயே பிசைந்து எடுத்துப் போனோம். மருமகள் மைதா, வெண்ணெய், பொடித்த சர்க்கரை எல்லாம் சேர்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எனக்கும் பேத்தியின் தம்பிப் பயலுக்கும் கை சும்மா இருக்கவில்லை. சுவருக்கு மண் குழைத்த கை இது. அழுத்திப் பிசைந்து, மடக்கி, குத்தி, வழவழவென்று ஆக்கினோம். எனக்கே பெருமையாக இருந்தது.

பேக்கரியில் அட்டையை வைத்து வெட்டி அடுப்பில் விட்டார்கள். வெளியே எடுத்தபோது கொம்பு இரண்டும் காது மாதிரி சுருங்கியிருந்தன. கால் நாலும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டன. பேரன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"தாத்தா, இது பன்னி."

மாஸ்டர் ஒரு துண்டை உடைக்கப் பார்த்தார். உடையவில்லை. "யாருங்க மாவு பிசைஞ்சது?"

பிள்ளைகள் இரண்டும் என் பக்கம் கை காட்டின.

"பெரியவரே, பரோட்டா போடவா வந்தீங்க? பிசையப் பிசைய இழுத்துக்கும். இதுக்கு மாவ அடிக்கப்படாது. ஒண்ணா சேத்துப் புடிச்சா போதும்."

பன் போட நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகள் முந்தானையைச் செருகிக்கொண்டு, மாஸ்டரிடமே மாவும் வெண்ணெயும் வாங்கிப் புதிதாகச் சேர்த்தாள். இந்தத் தடவை பேத்தியின் விரல் மட்டும். சேர்த்தாள், பிடித்தாள், விட்டுவிட்டாள். என்னை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பன்றியை நானும் பேரனும் ஆளுக்குப் பாதி ஊறவைத்துத் தின்றோம். டீயில் போட்டால் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது காளை வெளியே வந்தது. கொம்பு கொம்பாகவே இருந்தது. கால் காலாகவே இருந்தது. ஓரம் மட்டும் செவலை நிறம். நான் எழுந்து நின்றுவிட்டேன். முழங்கால் வலி அப்புறம்தான் தெரிந்தது.

பஸ்ஸில் தட்டைப் பேத்தி மடியில் வைத்துக்கொண்டாள். வேகத்தடையில் ஒரு கொம்பு டக்கென்று விட்டுப்போனது. பஸ்ஸே உச்சுக் கொட்டியது. கண்டக்டர் வந்து பார்த்து, "நாட்டு வைத்தியர்ட்ட காட்டுங்க" என்றுவிட்டுப் போனார். மருமகள்தான், "சக்கரப் பூச்சு வெச்சு ஒட்டிரலாம், காஞ்சா கல்லாயிரும்" என்று தைரியம் சொன்னாள்.

பொங்கல் அன்று மத்தியானம் தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டில். சாமி முன்னால் போகிறது என்பதால் மருமகள் முட்டை சேர்க்கவில்லை. சர்க்கரைத் தூளில் எலுமிச்சைச் சாறும் சொட்டுப் பாலும் விட்டுக் குழைத்தாள். பால் கவரின் மூலையைக் கத்தரித்து அதில் ஊற்றிப் பிழிந்தார்கள். உடைந்த கொம்பு ஒட்டிக்கொண்டது. குளம்புக்கு ஆண்டிமடத்து முந்திரிப் பருப்பு, பிளந்தால் சரியாகக் குளம்பு மாதிரியே இருக்கிறது. கண்ணுக்கு உலர்ந்த திராட்சை. கழுத்தில் மஞ்சள் பூமாலை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ. மூக்கணாங்கயிறுகூடப் பிழிந்தாள் பேத்தி.

கொம்புக்கு என்ன வண்ணம் என்பதில்தான் சண்டை. எங்கள் தெருவில் கொம்பைப் பார்த்தே அந்த வீட்டு ஓட்டு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். அந்தந்த வீட்டுப் பிள்ளை அவரவர் வீட்டு வண்ணத்தைக் கேட்டது. பேத்தி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ரோஸைக் குழைத்தாள்.

"ரோசுக்குக் கட்சி கெடையாது. யாரும் வாயத் தொறக்க முடியாது."

எறும்புக்குப் பயந்து ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து, அதன்மேல் தட்டை வைத்தோம்.

மறுநாள் சாயங்காலம் வரிசை கூடியது. நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். பேத்தியும் பேரனும் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடித்து, மச்சானின் மயிலைக்கும் அடுத்த வீட்டுப் பசுவுக்கும் நடுவில், எங்கள் செவலை நின்ற அதே இடத்தில் போய் நின்றார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. நான் பின்னால் நின்றேன்.

பூசாரி செம்போடு வந்தார். "இது என்னாடி?"

"எங்க வூட்டு மாடு."

"பிஸ்கட்டுக்கெல்லாம் வரிசையா? நாளைக்கு ஒருத்தன் பன்னு கொண்டாருவான்" என்றார் மச்சான்.

பூசாரி கையமர்த்தினார். "இங்க நிக்கிற மாடு பொங்கச் சோறு திங்கணும். இது திங்குமா?"

பேத்தி ஒரு நொடி தட்டைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்து ஓரடி முன்னால் வைத்தேன். அவள் நிமிர்ந்து சொன்னாள்.

"அது திங்காது. மத்த மாடெல்லாம் நீங்க குடுக்கற சோத்தத் திங்குது. எங்க மாடு தெருவுக்கே திங்கக் குடுக்கும்."

பூசாரி குனிந்து கொம்பைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், மூக்கணாங்கயிற்றைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, கோயில் மணி மாதிரி குரல் எடுத்து எங்கள் வீட்டுப் பேரைச் சொன்னார். மஞ்சள் தண்ணீரைத் தட்டில் படாமல் பிள்ளைகள் தலையில் தெளித்தார். பிள்ளைகள் பொங்கலோ பொங்கல் என்று கத்தின சத்தத்தில் பசு கயிற்றை இழுத்துக்கொண்டது. எனக்கும் கண்ணில் தூசி விழுந்தது. லாரித் தூசிதான்.

அந்த நேரம் பார்த்து மயிலை நாக்கை நீட்டி எங்கள் மாட்டின் பின்பக்கத்தை ஒரே நக்காக நக்கியது. வால் காணோம்.

"மச்சான், ஓம்மாடு எம்மாட்டத் திங்கிது. ஒழுங்காப் புடி" என்றேன். தெருவே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

பேத்தி காளையை உடைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். மாட்டைத் தின்பதா என்று ஒரு கிழவி தயங்கினாள். "திருவிழாவுல சக்கர யானையக் கடிச்சித் தின்னவதான நீ" என்று பூசாரி அவள் கையில் ஒரு காலை வைத்தார். ஒட்டின ரோஸ் கொம்பைப் பேத்தி மச்சானுக்குத் தந்தாள். ஒட்டின இடம் விடவில்லை, வேறு இடத்தில்தான் உடைந்தது. தின்றுவிட்டு அவர் கேட்டது இதுதான்: "அடுத்த வருசம் திமிலு எனக்கு."

கலைந்து போகும்போது பூசாரி என்னிடம் சொன்னார், "மாடு வித்த வூடு இப்ப நெறைய இருக்கு. மாவுல கொண்டாந்தாலும் பேரு சொல்லுவேன். பிள்ளைங்க கையால செஞ்சதா இருக்கணும், அம்புட்டுதான்."

நீங்கள் எங்கள் பக்கம் வந்து போகிறவர். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற வீடு எது கண்ணில் பட்டாலும், வரிசையில் அவர்களுக்கு இடம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். மாவை அடித்துப் பிசையக் கூடாது, சேர்த்துப் பிடித்தால் போதும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.