லூர்து மாமா கூறு போட்ட ஷேர்டு ஃபோல்டர்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்டமாட்டேன், குறைக்கவும் மாட்டேன். (லூர்து மாமா இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்!)

இன்று சாயங்காலம், எங்கள் மாதா கோயிலை ஒட்டிய ஹாலில்...

என் அறிவியல் ப்ராஜெக்டை அனுப்ப இன்றுதான் கடைசி நாள். புளியம்பூவுக்கு என்னென்ன பூச்சிகள் வருகின்றன என்று கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று எடுத்த வீடியோக்கள். அவற்றை என் கிளவுட் கணக்கில் ஏற்றி, லிங்க்கை விலங்கியல் மிஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் மாவட்டப் போட்டிக்கு என் பெயர் போகாது.

வீட்டில் சிக்னல் கிடையாது. மேட்டில் இருக்கிற ஹாலில்தான் டவர் எடுக்கும். அங்கே போய் மூலையில் உட்கார்ந்து முதல் வீடியோவை ஏற்றினேன்.

'உங்கள் கணக்கில் இடம் இல்லை' என்றது ஆப்.

எப்படி இல்லாமல் போகும்? என் பூச்சிகள் அவ்வளவு குண்டு இல்லையே!

உள்ளே போய்ப் பார்த்தேன். இடத்தை எல்லாம் அடைத்துக்கொண்டு 'மாதா தேர்' என்று ஒரு ஷேர்டு ஃபோல்டர்.

லூர்து மாமா என் அம்மாவின் அண்ணன். ஜமுனாமரத்தூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார், திருவிழாக் கமிட்டிக்குச் செயலாளரும் அவர்தான். திருவிழா முடிந்ததிலிருந்து ஊரில் போன் வைத்திருக்கிற எல்லோரையும் ஒவ்வொருவராக அந்த ஃபோல்டரில் சேர்த்துவருகிறார். நான் சேர்ந்தபோது அதில் நாலைந்து போட்டோதான் இருந்தது. இப்போது ட்ரோன் வீடியோ முழுவதும், ஒரு நொடிகூட வெட்டாமல்!

அதில் தேர் வருவது கொஞ்ச நேரம். ட்ரோன் மாமாவின் வழுக்கைத் தலையைச் சுற்றியது மீதி நேரம்.

அதே ஹாலில் அப்போது கமிட்டிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. விஷயமும் இதுதான். மாமாவின் கணக்கும் நிறைந்துவிட்டதாம், பாட்டுக் கச்சேரி வீடியோ ஏறவில்லையாம்.

மாமா எழுந்து தீர்வு சொன்னார்.

"இன்னும் ஆளு சேக்கணும். கிறிஸ்மஸுக்கு ஆடு வாங்குறோம். ரெண்டு வூடு சேந்து வாங்குனா தாங்குமா? இருவது வூடு சேந்து கூறு போட்டா ஆளுக்குக் கொஞ்சம்தான? இதுவும் அதே கணக்குதான். ஆலங்காயத்து ஆளுங்களையும் உள்ள இழுத்துட்டா வெயிட்டு தானா கொறையும்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். (பெரியவர்கள்! ஓட்டுரிமை உள்ளவர்கள்!)

ஸ்டெல்லா அக்கா மட்டும் வாயைத் திறந்தாள். மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறவள்.

"அண்ணா, நேத்துதான் என்னைச் சேத்தீங்க. இன்னிக்கு எங்க பாப்பா போட்டோ ஒண்ணுகூட ஏற மாட்டேங்குது."

"அது உன் போன் கோளாறும்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, இது கூறு கறி இல்ல. இந்த ஆப்ல ஷேர்டு ஃபோல்டர்ல யார் இருந்தாலும், மொத்த சைஸும் அவங்கவங்க கணக்குல முழுசா ஏறும். நீங்க ஆட்டைப் பிரிக்கல. ஒவ்வொரு வூட்டு ஃப்ரிட்ஜுலயும் ஒரு முழு ஆட்டைத் திணிக்கிறீங்க!"

"யார் சொன்னா?"

"ஆப்போட உதவிப் பக்கத்துல போட்டிருக்கு."

"அதையெல்லாமா குந்தி படிப்பாங்க?"

ஹாலே சிரித்தது. (ஆமாம். எழுதியிருந்ததைப் படித்தேன். இந்த ஹாலில் அது குற்றம்.)

கமிட்டிப் பொருளாளர் குறுக்கே வந்தார். "என் மருமவன் ஓசூர்ல கம்பெனில இருக்கான். போட்டவன் கணக்குல மட்டும்தான் ஏறும்னு சொன்னானே?"

"அவர் சொன்னது வேற ஆப்புங்க. சிலதுல அப்படித்தான். நாம வச்சிருக்கறது அது இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான்!" என்று உட்கார்ந்துவிட்டார். (அவருக்கு ஆட்டோவும் ரயிலும் ஒன்றுதான் போல.)

"சரி மாமா. எனக்கு ப்ராஜெக்ட் அனுப்பணும். நான் இந்த ஃபோல்டரை விட்டு வெளிய போறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னாது? மாதா தேரு வேணாம்னு வெளிய போறியா?"

கூட்டத்துக்கு வந்திருந்த அம்மா பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினாள். "வாய மூட்றி. மாமாகிட்ட பேசற பேச்சா இது?"

"தேர் வேணாம்னு நான் சொல்லலம்மா. மாமாவோட மண்டை என் போன்ல வேணாம்னு சொல்றேன்."

(இன்னொரு கிள்ளு.)

"நீ போய்ட்டா உன் பாரம் மத்தவங்க தலைல ஏறும், தெரியுமா?" என்றார் மாமா. மறுபடியும் அதே ஆடு!

ஒன்றையும் மறைக்கமாட்டேன். ஃபோல்டரில் எதையும் திருத்தவும் அழிக்கவும் மாமா எல்லோருக்கும் அனுமதி கொடுத்திருந்தார். அந்த வீடியோவை நான் உள்ளே போய் அழித்திருந்தால் ஊரில் அத்தனை பேருக்கும் அது போயிருக்கும். ஒரு நிமிடம் யோசித்தேன். செய்யவில்லை. தேர் அதில் இருக்கிறதே! வெளியேறினால் என் கணக்கிலிருந்து மட்டும் போகும்.

எல்லோரும் பார்க்க 'வெளியேறு' என்பதை அழுத்தினேன்.

இடி விழவில்லை. என் கணக்கில் இடம் காலியானது. தேனீ ஏறியது, எறும்பு ஏறியது, பெயர் தெரியாத பச்சை வண்டும் ஏறியது. லிங்க்கை அனுப்பினேன். 'வந்துடுச்சும்மா, பேர் சேத்துட்டேன்' என்று மிஸ் பதில் போட்டார்!

ஸ்டெல்லா அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "எந்த பட்டன் பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள். காட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரர் அவளிடம் கேட்டார். அவரிடம் அவர் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார்.

மாமாவுக்கு ஏதோ சந்தேகம்.

"வேற யாராவது வெளிய போறீங்களா? போறவங்க தைரியமா கையைத் தூக்குங்க!"

ஒரு கைகூட எழவில்லை. எழ முடியாது, எல்லார் கையும் மடியில் போனோடு வேலையாக இருந்தது.

"பாத்தியா பாப்பா? ஊரு ஒத்துமையா கீது!" என்றார் மாமா என்னிடம். ஆலங்காயத்து ஆட்களைச் சேர்க்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கோயிலுக்குக் கரண்டு பில் ஏறுகிறது, கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டு, மாமா லைட்டை அணைத்துவிட்டார்.