பொட்டு மாறிய கியூ

போன வாரம் மூர்த்தி ஒரு நீளப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். மண்ணூர்பேட்டை ஏகாம்பரத்தின் மகன். அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறதாம். திதிக்குள் இதைப் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும், ஒரு கொக்கி போட்டுக் கொடுங்கள் என்றார். பெட்டியைத் திறந்ததும் ஆளிவிதை எண்ணெயும் அந்துருண்டையும் கலந்த வாசனை வந்தது. உள்ளே ஏகாம்பரத்தின் கியூ, பூல் மேஜையில் பந்தை அடிக்கும் கட்டை, கழற்றிய இரண்டு பாதியாகப் படுத்திருந்தது. நான் முன்பாதியைப் பார்த்தேன். காபி கொண்டுவந்த என் மனைவி கல்பனாவும் பார்த்தாள். உடனே இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். குற்றம் செய்தவர்கள் வேறு எதைப் பார்ப்பார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணமான புதிது. அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர் வேலை. பகலெல்லாம் இரும்பைக் கடைந்துவிட்டு வந்து, வீட்டில் மரத்தைக் கடைவேன். குளியலறையை ஒட்டிய தகரக் கொட்டகையில், காயலான் கடையிலிருந்து வாங்கிய ஒரு சின்ன லேத் இருந்தது. மெயின் ரோட்டு மாடியில் நான்கு மேஜை போட்டு ஒரு பூல் பார்லர் திறந்திருந்தார்கள். அங்கிருந்த கியூக்கள் முருங்கைக்காயைவிடக் கோணல். ஒன்றை எடுத்துவந்து நிமிர்த்தி, முனைக்குப் புதுத் தோல் ஒட்டிக் கொடுத்தேன். அவ்வளவுதான், மாவு மெஷினில் தூக்கு வைப்பது போல ஆட்கள் கட்டைகளை வாசலில் சாய்த்துவைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

முழுசாக நான் செய்த முதல் கியூ ஏகாம்பரத்துக்குத்தான். அடிப்பாதிக்குக் கனமான மரம் வேண்டும். அந்தச் சமயம் பார்த்து, கல்பனாவுக்குச் சீர்வரிசையாக வந்த கட்டிலின் ஒரு கால் உடைந்தது. எப்படி உடைந்தது என்று கேட்காதீர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் வீடு. நல்ல ஈட்டி மரம், விறகாக்க மனசு வரவில்லை. கடைந்து பாலிஷ் போட்டதும் கறுப்புத் திராட்சை போல மின்னியது. மாமியார் திருவேற்காட்டிலிருந்து வந்தபோது, கட்டில் ஒரு பக்கம் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. கால் எங்கே என்று கேட்டார். பாலிஷுக்குப் போயிருக்கிறது என்றாள் கல்பனா, கண் சிமிட்டாமல். பொய்யும் இல்லை.

இன்னொரு பெரிய வாடிக்கையாளர் தாஸ். திருநெல்வேலிக்காரர், ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தார், ராணுவத் தொழிற்சாலையில் வேலை. அவருக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கியூவின் எடை சரியில்லாமல் போகும். முதல் இரண்டு தடவை உள்ளே ஈயம் வைத்துப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை அந்த மூன்றுகால் கட்டிலுக்கு அடியில் இரண்டு நாள் போட்டுவைத்து, அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அவர் நாலு வீச்சு வீசிப் பார்த்தார். “ஏ தம்பி, இப்பம்லா சரியா இருக்கு.” அதற்கப்புறம் எல்லாத் தடவையும் கட்டில் வைத்தியம்தான்.

எங்கள் கொட்டகையில் ஒரு குறை உண்டு, அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் மரை வெட்டும் கருவி, டேப் என்போம், என்னிடம் ஒரே ஒரு அளவில்தான் இருந்தது. அதனால் நான் தொட்ட எந்தக் கியூவின் முன்பாதியும் எந்தக் கியூவின் அடிப்பாதியிலும் கச்சிதமாக ஏறும். ஆள் மாறிவிடக் கூடாதே என்று கல்பனா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு முன்பாதியிலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. ஏகாம்பரத்துக்குச் சிவப்பு, தாஸுக்குப் பச்சை. பொட்டு வைத்த கியூ இந்தியாவிலேயே எங்களிடம்தான் இருந்திருக்கும்.

அந்த வருஷம் பார்லரில் போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவரின் படத்தைச் சுவரில் மாட்டுவதாக ஏற்பாடு. ஏகாம்பரத்துக்கு அந்தப் படத்தின்மேல் வெறி. காரணம் இருந்தது. அந்தக் கட்டிடம் நின்றது, ஒரு காலத்தில் அவர் குடும்பம் நெல் போட்ட நிலத்தில். “எங்க கயனி மேல கட்ன எடம் நைனா. சொவுத்துல நம்ம மூஞ்சி இருக்க வாணாமா?” என்று என்னிடம் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் அவரும் தாஸும்தான். முந்தின நாள் காலையில் இரண்டு பேருமே தோல் மாற்றச் சொல்லிக் கட்டையைக் கொடுத்திருந்தார்கள். தோலை ஒட்டி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவிக் காயவைத்தேன். எண்ணெய் பட்டால் ஸ்டிக்கர் நிற்காது என்பது எனக்கும் தோன்றவில்லை, கல்பனாவுக்கும் தோன்றவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது இரண்டு பொட்டும் தரையில் கிடந்தன. கல்பனா அவற்றை எடுத்து ஒட்டினாள், நான்தான் இது இதற்கு என்று கை காட்டினேன். இல்லை, நான் கை காட்டியதற்கு எதிராக அவள் ஒட்டினாள். இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாடி நிறையக் கூட்டம். கடைசி ஆட்டம், கடைசிப் பந்து. எட்டாம் நம்பர் கறுப்பு, குழிக்கு ஒரு முழத் தூரத்தில். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய பந்து. அவர் குனிந்தபோதுதான் கவனித்தேன், அவர் கையிலிருந்த முன்பாதியில், மிளகு அளவு ஒரு கறுப்பு மரக்கண். அது தாஸின் கட்டையில் இருப்பது. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நிறுத்துங்கள், கட்டை மாறிவிட்டது என்று சொல்ல மூன்று விநாடி போதும். சொன்னால் இனி யார் என் வாசலில் கட்டையைச் சாய்ப்பார்கள் என்று பயந்தேன். பந்து குழியின் உதட்டில் பட்டு வெளியே வந்தது. ஏகாம்பரம் கட்டையைப் பார்க்கவில்லை. தன் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தாஸின் படம் சுவரில் ஏறியது. சாயந்திரம் ஏகாம்பரம் கொட்டகைக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று லேத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“கட்ட மேல தப்பு இல்ல நைனா. உன் வேல சுத்தம். என் கைதான் பூட்ச்சு.”

அதோடு கியூவைப் பெட்டியில் வைத்து பீரோ மேல் போட்டார். அப்புறம் அவர் மாடிப்படி ஏறவே இல்லை.

அந்தத் தீபாவளிக்கு தாஸ் அல்வாப் பொட்டலத்தோடு வந்து காதுக்குள் சொன்னார். “நீ பண்ணுனத யார்ட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி. அவர் கட்டை அம்பு மாதிரில்லா போகுது.” நான் வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்தேன் என்று நினைத்துவிட்டார், மனுஷன். ரிட்டயர் ஆகி ஊருக்குப் போகும்வரை வருஷா வருஷம் அல்வா வந்தது. கல்பனா தொட மாட்டாள். நான் சாப்பிட்டேன். அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இதையெல்லாம் போன வாரம் மூர்த்தியிடம் சொன்னேன். கையில் கொக்கியோடு, கடிகாரத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவர் அந்த மிளகுக் கண்ணைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“அப்பா இருக்கசொல்லோ இத்த சொல்லிருந்தீங்கன்னா, உங்கள நாலு அற வுட்டுருப்பாரு.”

தெரியும் என்றேன்.

“வுட்டுட்டு, அன்னிக்கே ஆடப் போயிருப்பாரு.”

தாஸின் ஊரை விசாரித்து அந்தப் பாதியை வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றார் மூர்த்தி. ஆகவே ஏகாம்பரத்தின் படத்துக்குப் பக்கத்தில் என் மாமியார் கட்டிலின் காலும் தாஸின் முன்பாதியும் ஒன்றாகத் தொங்குகின்றன. நானே போய்த்தான் கொக்கி அடித்துக் கொடுத்தேன்.

திரும்பும்போது மெயின் ரோட்டில் படியேறிப் பார்த்தேன். அந்த மாடியில் இப்போது ஜிம். தாஸின் படம் இருந்த இடத்தில் ஆள் உயரக் கண்ணாடி. கொட்டகையும் போய்விட்டது, அந்த இடத்தில் வாஷிங் மெஷின் ஓடுகிறது. அந்த நாலு அறையை வாங்கிக்கொள்ள நான் இப்போது தயார். அறைய வேண்டியவர்தான் படத்துக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறார்.