விபூதி போட்டுத் தேய்த்த இரும்புச் சிலுவை

1999 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நானும் கணவரும் குடியிருந்த ஐசலினிலிருந்து செர்ரி ஹில்லில் நடந்த ராணுவ மெடல் கண்காட்சிக்குப் போனோம். "அங்கே உனக்கென்ன வேலை?" என்று கேட்காத ஆளில்லை. வேலை இருந்தது. பக்கத்து வீட்டு ஹெல்கா ஆன்ட்டியின் அப்பா முதல் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய். அவருடைய 1914 இரும்புச் சிலுவை என்ற வீரப் பதக்கம் போலி, கடையில் வாங்கி மாட்டிக்கொண்டது என்று ஆன்ட்டியின் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். அசலா என்று பார்த்துச் சொல்லும்படி ஆன்ட்டி கண்கலங்கி அதை என்னிடம் கொடுத்தார். கோவையில் அப்பாவின் பட்டறையில் உலோகம் அடிக்கும் அச்சுகளோடு பத்து வருடம் மல்லுக்கட்டியவள் நான். கணவரின் வேலையை ஒட்டிக் கிடைக்கும் எச்-4 விசாவில் வந்ததால் இங்கே வேலைக்குப் போகக் கூடாது. பார்ப்பதற்கு விசா எதற்கு?

கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தேன். சிலுவையின் நடுப்பகுதி கறுப்பு இரும்பு, சுற்றிச் சட்டம் வெள்ளி. வெள்ளி கறுத்திருந்தால் நம் வீட்டில் சும்மா விடுவோமா? விபூதி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது.

காலை எட்டரைக்குப் புறப்பாடு. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் பதினொன்றாம் எக்ஸிட்டில் ஏறி நான்கில் இறங்கினோம். சுமார் அறுபது மைல், ஒன்றேகால் மணி நேரம். நுழைவு ஆளுக்கு ஐந்து டாலர், பார்க்கிங் இலவசம்.

அங்கே மெடல் விற்ற மூன்றாவது மேஜைக்காரர் சிலுவையைக் கையில்கூட வாங்கவில்லை. "இவ்வளவு பளபளப்பா? நேற்று அடித்த போலி" என்றார்.

என் கணவர் செந்தில் முழங்கையைப் பிடித்தார். "கம்முனு வா புள்ள. சீன் கிரியேட் பண்ணாத."

எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. "இருங்க. நான் கேக்காம வரமாட்டேன்."

கையோடு கொண்டுபோன ஃபிரிட்ஜ் காந்தத்தையும் லென்ஸையும் எடுத்தேன். காந்தம் நடுவில் ஒட்டியது; வெள்ளிச் சட்டத்தில் ஒட்டவில்லை. விளிம்பில் இரண்டு பாதிகளைப் பற்றவைத்த கோடு தெரிந்தது. ஒரே வார்ப்பில் ஊற்றிய போலிக்கு அந்தக் கோடு ஏது? அப்போதுதான் லென்ஸில் இன்னொன்று பட்டது. சட்டத்தின் கீழ்க் கையில், ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஓடும் மணிவரிசையை ஒட்டி மயிரிழை அளவு மேடு. அச்சு விரிசல் விட்டால், அதற்குப் பிறகு அதில் அடிக்கும் ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் மேடு வரும். மேஜைக்காரரின் தட்டில், 'அசல்' என்று சீட்டு ஒட்டிய சிலுவையைப் பார்த்தேன். அதே இடம், அதே மேடு.

"பளபளப்பு என் கைவேலை" என்றேன். "விரிசல் அச்சினுடையது. என்னுடையது போலியென்றால் உங்கள் சீட்டையும் கிழித்துவிடுங்கள்."

இரண்டையும் லென்ஸில் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில், "அசல்தான். தேய்த்துப் பாதி மதிப்பைக் கெடுத்துவிட்டீர்கள். என்ன விலை?" என்றார்.

"விற்பதற்கில்லை" என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் வழியெல்லாம் அவர் சொன்னதே நினைப்பு. பாதி மதிப்பைக் கெடுத்தது நான்தானே?

ஆன்ட்டியிடம் முதலில் விபூதி விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிலுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஃபோனில் அண்ணனை அழைத்து, "நீயே கேட்டுக்கொள்" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார். அரைமணி நேரம் விளக்கினேன்.

போகிறவர்களுக்கு: காந்தம், லென்ஸ், தயிர்சாதம் எடுத்துப் போங்கள். சத்தியமாக எதையும் தேய்க்காதீர்கள். போலி என்று எவராவது சொன்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். முதலில் அவர் தட்டைப் பாருங்கள்.