தாய்மாமன் மடி

என் மகளின் காதுகுத்தன்று அவளுடைய சொந்தத் தாய்மாமன் மண்டப வாசலில் சீர்த்தட்டோடு நின்றான். உள்ளே இன்னொருவன் மடியில் அவளை உட்கார வைத்துக் காது குத்தினார்கள். அதற்குக் காரணம் நான். நான் மட்டுமே!

இதை என் மனைவி அமுதாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆறு ஆண்டுகளாகச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... உங்களுக்கு என் முகம் தெரியாது என்பதால் வந்த துணிச்சல்தான் இது.

நான் ஒரு குடிநோயாளி. கடலூரை அடுத்த குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்ததும் குடி. இரண்டாயிரத்து ஐந்தில், எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காதான் வழி காட்டினார். அவர் கணவர் சிதம்பரத்தில் குடிநோயாளிகள் கூடும் ஒரு கூட்டத்துக்குப் போய்க் குடியை விட்டிருந்தார். கடலூரில் என்றால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள். சிதம்பரம் எனக்கு வசதியாக இருந்தது. ஞாயிறுதோறும் பஸ் ஏறினேன். அக்கம்பக்கத்தில் கேட்டால், "அவுரு நடராஜரைப் பாக்கப் போயிருக்காரு" என்பாள் அமுதா.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை. பெஞ்சுகள், ஒரு மின்விசிறி, பிளாஸ்க்கில் டீ. அங்கே யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. எழுந்து நின்று பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்க வேண்டும். அவரவர் கதையை அவரவர் சொல்லலாம். அடுத்தவர் கதையைத் தொடக் கூடாது. எவ்வளவு நல்ல விதி! பிற்பாடு அதற்குள்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

குடி நின்றது. அமுதாவின் தம்பி செல்வத்தையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். பண்ருட்டியில் பலா மண்டி வேலை அவனுக்கு. குடியில் எனக்குச் சளைத்தவன் இல்லை. அவனும் நிறுத்தினான். "ரெண்டு பேரும் மனுசனாயிட்டீங்க" என்று அமுதா அழுதேவிட்டாள்.

ஓராண்டு குடிக்காமல் இருந்தால் அங்கே அதைப் 'பிறந்தநாள்' என்பார்கள். கேக் உண்டு, வீட்டுக்காரி வந்து கையில் பதக்கம் தருவாள். எனக்கு அந்த நாள் நெருங்கிய சமயத்தில் பண்ருட்டியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்ததும், வண்டிகள் நிறுத்தியிருந்த பக்கம் செல்வத்தை அழைத்துப் போனது நான். பாட்டில் வாங்கியதும் நான்.

"வேணாம் மாமா... அக்கா நம்பிக்கிட்டிருக்கு."

"ஒண்ணே ஒண்ணு மச்சான். யாருக்குத் தெரியப் போவுது?"

ஏன் குடித்தேன்? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்... துக்கமில்லை, சண்டையில்லை. ஆசை! வெறும் ஆசை.

பிறந்தநாள் கூட்டத்தில் செல்வம் எனக்கு முன்னால் எழுந்தான். "நான் செல்வம், ஒரு குடிநோயாளி. போன வாரம் குடிச்சிட்டேன். மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்." யாரோடு என்று அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அங்கே கேட்க மாட்டார்கள்.

அடுத்து என்னை அழைத்தார்கள். சொல்லிவிடுவோம் என்றுதான் எழுந்தேன், சத்தியமாக! அதற்குள் பட்டுப்புடவையில் வந்திருந்த அமுதா பதக்கத்தை என் கையில் வைத்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன்... செல்வமும் கைதட்டினான்.

வெளியே வந்ததும் அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமாவைப் பாத்தாவது திருந்தக் கூடாதாடா? அவுரோட நல்ல நாள்ல வந்து எம் மானத்த வாங்கிட்டியே!"

அவன் என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். "தப்புதான்க்கா" என்றான்.

அடுத்த மாதம் காதுகுத்து. "குடிகாரன் மடியில எம் புள்ளைய உக்கார வைக்க மாட்டேன்" என்று ஒரே பிடிவாதமாக, தன் பெரியப்பா மகனை வரவழைத்தாள் அமுதா. மகள் கயல் வாசலைப் பார்த்து, "செல்வம் மாமா..." என்று வீறிட்டாள். நானோ வந்தவர்களுக்குச் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தேன். தட்டை ஸ்டெல்லா அக்காவிடம் கொடுத்துவிட்டு அவன் பஸ் ஏறிப் போனான்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு நான் குடிக்கவில்லை. அவனும் குடிக்கவில்லை. அதைக் கேட்டு நீங்கள் ஆறுதல் அடைய வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் பொய்யான தேதியில் கேக் வெட்டுகிறேன். அமுதா இன்னும் தம்பியோடு பேசுவதில்லை. ஒருமுறை கூட்டம் முடிந்ததும் அவனிடம் கேட்டேவிட்டேன், அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று. டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

"என் கதையத்தான் நான் சொல்லலாம் மாமா. உங்க கதைய நீங்கதான் சொல்லணும்."

இப்போது கயல் பெரியவளாகிவிட்டாள். வரும் ஞாயிறு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் இல்லாமல் அது நடக்காது.

சற்று முன் அமுதா வந்து கேட்டாள். "பெரியப்பா மவனுக்கே சொல்லிடவாங்க?"

வாயைத் திறந்தேன். வாரம் தவறாமல் அத்தனை பேர் முன்னால் 'நான் ஒரு குடிநோயாளி' என்று கூசாமல் சொல்கிற வாய்...

"உன் இஷ்டம்" என்றேன்.

போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் குரல் இங்கே கேட்கிறது. "நீங்கதாண்ணே வந்து முன்னால நிக்கணும்..."

எழுந்து போய்த் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. நான் உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.