டிஸ்பாட்ச் செக்‌ஷன் மேடம்

கல்லூரி ஆண்டுமலருக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் கதையைத் தமிழ்ப் பேராசிரியை இரண்டே நாளில் திருப்பித் தந்தார். கதையில் ஒரு பெண் தொழிலாளி வருவாள். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் வேலை. யாருக்கும் பயப்பட மாட்டாள். முதலாளியின் முன்னால் நின்று ஒன்றரைப் பக்கம் பேசுவாள்.

"இவ எப்பவாவது சாப்பிடுவாளா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "இவளுக்குக் கால் வலிக்குமா? பஸ்ஸில சீட்டுக்குச் சண்டை போடுவாளா? கட்டுரை மாதிரி இருக்கா, ஆள் மாதிரி இல்ல. பத்து நாள் தரேன். ஆளாக்கிக் கொண்டா."

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதையும் தாண்டிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். இன்றும் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. எனக்கா தொழிலாளிகளைத் தெரியாது? அப்பா மீஞ்சூரில் மூட்டை தூக்கினார். அம்மா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவி மேஜை துடைத்தார். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தக் கம்பெனியின் கேட்டைக்கூட நான் பார்த்ததில்லை. காலையில் நான் சென்னைப் பக்கம் போகிற ரயிலில் ஏறுவேன், அம்மா எதிர்ப்பக்கம். அதனால் கல்லூரி இல்லாத ஒரு நாளில் அம்மாவோடு போய், கேட்டுக்கு வெளியே நின்று, வேலைக்கு வருகிற பெண்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பது என்று முடிவு செய்தேன்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "நீ இன்னாத்துக்குடி அங்க வர்ற? வரணும்னா அடுத்த வண்டியில வா" என்றார். ஒரே வண்டியில் வந்தால் என்ன என்று கேட்டேன். அம்மா சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தார். தினமும் கஞ்சி போட்ட காட்டன் சேலை, தோளில் கைப்பை, அதன் ஓரத்தில் செருகிய பேனா. கேன்டீன் சீருடை பைக்குள் மடித்திருக்கும். அம்மாவுக்குச் சுத்தம் பிடிக்கும், அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

நான் கேட்காமல் அதே வண்டியில் கூடவே ஏறினேன். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் ஒருத்தி இடம் போட்டு வைத்திருந்தாள். அத்திப்பட்டிலிருந்து வருகிறவள், கனத்த குரல். "வாங்க மேடம், ஒக்காருங்க" என்றாள் அம்மாவைப் பார்த்து. கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். பொன்னேரியில் ஏறிய இன்னொருத்தியும் மேடம் என்றாள்.

"இன்னா மேடம், நேத்து அந்த லாரி வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? நாயுடுப்பேட்டைகிட்ட டயர் வெடிச்சி நிக்குதாம். எங்க சார் எல்லார் மேலயும் எரிஞ்சி விழறாரு. டீ கூடக் குடிக்கல மனுசன்."

சாப்பிட வருகிறவர்கள் மேஜையில் பேசிக்கொள்வதை அம்மா சொல்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அப்போது பொன்னேரிக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா இன்னா படிக்குது?"

"பி.ஏ. ரெண்டாவது வருஷம். எங்க குடும்பத்துலயே மொதமொதல்ல படிச்சது நான்தான், ஆன்ட்டி."

இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள். "அப்ப நீங்க பத்தாவதுன்னு சொன்னீங்களே, மேடம்?" என்றாள் கனத்த குரல்காரி. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. மேடம் என்பது கிண்டல் இல்லை. இந்தப் பெட்டியில் என் அம்மா கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறவர். அதை நான் ஒரே வாக்கியத்தில் உடைத்துவிட்டேன்.

அம்மா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அவ அவங்கப்பன் குடும்பத்தச் சொல்றா. அந்த வூட்ல ஒருத்தருக்கும் கையெழுத்துப் போட வராது. பெத்தவளை எந்தப் பொண்ணு குடும்பத்துல சேத்துக்குது?"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் பொன்னேரிக்காரி விடவில்லை. "நெஜமாவா பாப்பா? அம்மா பத்தாவது பாஸா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அதோடு நிறுத்தவில்லை.

"ஆமா ஆன்ட்டி. அம்மா ஸ்கூல் ஃபர்ஸ்ட்."

"யம்மா! அப்புறம் ஏன் மேடம் மேல படிக்கல?"

அம்மா, "வுடு, அதெல்லாம் கேக்காத" என்றார். குரல் உடைந்திருந்தது. கண்ணும் கலங்கியிருந்தது. கனத்த குரல்காரி அம்மாவின் முழங்காலில் கை வைத்தாள். நான் விழித்தேன். அம்மா ஒரு நாளும் பள்ளிக்கூட வாசல் மிதித்தவர் இல்லை. அழுதது யார்? என் அம்மாவா, பத்தாவதில் முதலாக வந்து அதற்குமேல் படிக்க முடியாமல் போன அந்த இன்னொருத்தியா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி, மற்ற இருவரும் தள்ளிப் போனதும் அம்மா திட்ட ஆரம்பித்தார். "ஸ்கூல் ஃபர்ஸ்ட்டா? உன்ன யாருடி கேட்டா? பத்தாவது போதாதா? இனிமே அத வேற நான் தூக்கிக்கினு திரியணும்."

"நீ ஏன்மா பொய் சொன்ன?"

"யாரு பொய் சொன்னா? லாரி வரல. சார் டீ குடிக்கல. எல்லாம் நெஜம்தான்." கொஞ்ச தூரம் நடந்தபிறகு மெதுவாகச் சொன்னார். "வேலைக்குச் சேந்த புதுசுல இந்தப் பொட்டியில ஒருத்தி, 'கூட்டிப் பெருக்குறவளா? அப்டி கதவாண்ட போய் நில்லு'ன்னா. அவ எறங்கிப் போனப்புறம் பக்கத்துல இருந்தவ எந்த செக்‌ஷன்னு கேட்டா. டிஸ்பாட்ச்னுட்டேன்."

யாராவது படிக்கச் சொல்லிக் காகிதம் நீட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கைப்பையைத் திறந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் காட்டினார். அதற்குள் கண்ணாடி இல்லை. "வூட்லயே வச்சிட்டு வந்துட்டேன்னு சொல்லுவேன்" என்றார்.

எனக்கு எரிச்சலும் வெட்கமும் வந்தன. அவற்றோடு பொறாமையும் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பேனாவும் தாளுமாக ஒரு மாதம் உட்கார்ந்து ஒருத்தியை உண்டாக்கினேன். அவள் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அம்மாவின் ஆள் ஏழு வருடமாக ரயிலில் போய் வருகிறாள். அவளுக்கு எரிந்து விழும் சார் உண்டு, கண்ணாடியை மறக்கும் பழக்கம் உண்டு.

"இத நான் கதையா எழுதட்டுமா?" என்றேன்.

அம்மா நின்றுவிட்டார். "அவள நீ எடுத்துக்கினு போய்ட்டா, நாளைக்கு நான் யாரா வண்டி ஏறறது?"

எழுதவில்லை. அந்த ஆண்டுமலரில் என் கதையும் வரவில்லை. அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. போன மாதம், "எழுதிக்கோ, பேரு மட்டும் போடாத" என்றார், அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று கேட்டுக்கு வெளியே நின்று நான் ஒரு வரியும் குறிப்பெடுக்கவில்லை. வருகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்து, இவள் ரயிலில் யார், வீட்டில் யார் என்று குழம்பியபடி வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நான்கு நாள் கழித்து, மாலையில் அம்மா ஒரு நோட்டை என் மடியில் போட்டார். பொன்னேரிக்காரியின் மகள் பத்தாவது படிக்கிறாளாம். தமிழ்க் கட்டுரை. 'ஸ்கூல் ஃபர்ஸ்ட் ஆச்சே, நீங்கதான் திருத்தித் தரணும்' என்று கொடுத்துவிட்டாளாம். கண்ணாடிக் கூடு இந்த முறை உதவவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாளாம்.

"நாளைக்குக் காலைல குடுக்கணும். நீ பண்ண வேல, நீயே பாரு" என்றார் அம்மா.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதல் பிழையைச் சுழிப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்தார்.

"உன் எழுத்துல எழுதாதடி. காலேஜ் பொண்ணு எழுத்துன்னு தெரிஞ்சிரும். என் எழுத்துல எழுது."

"உன் எழுத்து எப்படிம்மா இருக்கும்?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். அம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அரிசி களையத் திரும்பியவர் நின்று, சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்தார்.

"கொஞ்சம் சாஞ்சி இருக்கும். வேகமா எழுதி எழுதிப் பழக்கமாச்சே." என்றார். "ஆனா அழகா இருக்கும்."

நான் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு 'அ' எழுதிக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்து, இல்லை என்று தலையாட்டினார். இன்னொன்று எழுதினேன். அதுவும் இல்லை.