ஆட்சேபம் சொல்லும் நாள் முடிந்த பிறகு

என் மனைவி இறந்து இரண்டரை வருடம் கழித்துத்தான் பைக்கை விற்கும் முடிவுக்கு வந்தேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி அது. அதன்பிறகு நான் அதில் ஏறவில்லை. உரக்கடை வேலைக்கு பஸ்ஸில்தான் போய் வந்தேன்.

கடம்பூர்ப் பக்கமிருந்து ஒருவர் வாங்க வந்தார். டயரை அழுத்திப் பார்த்தார், ஸ்டார்ட் செய்து பார்த்தார். பிறகு போனில் வண்டி எண்ணைத் தட்டினார்.

"அண்ணாச்சி, இது பேர்ல ஒரு அபராதம் நிக்குதே. அதக் கட்டாம பேர் மாத்த முடியாது."

"எனக்கு ஒண்ணும் வரலியே."

போனை நீட்டினார். இருவருக்கு மேல் பயணம், ஹெல்மெட் இல்லை. கீழே தேதி இருந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாள்.

அன்று விடிய விடிய ஐப்பசி மழை. காலையில் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், கயத்தாறுப் பக்கம் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். ஊரில் கார் வைத்திருந்தவர், கரிசல் மண் பாதையில் இறங்கினால் வண்டி அங்கேயே புதைந்துவிடும் என்றார். அது உண்மைதான். அடுத்த வீட்டு மதினி ஓடிவந்து, "பைக்க எடுங்க. நான் பின்னால இருந்து பிடிச்சிக்கிடுதேன்" என்றார்.

அப்படித்தான் போனோம். நடுவில் அவள், என் முதுகில் சாய்ந்து. அவளையும் சேர்த்து என் சட்டையைப் பிடித்தபடி மதினி. சக்கரத்தில் சேறு அப்பி வண்டி இரண்டு முறை நின்றது. குச்சியால் சுரண்டிவிட்டு மறுபடியும் கிளப்பினேன்.

கோவில்பட்டிக்குள் நுழையும் முக்கில் மழைக்கோட்டுப் போட்ட ஒரு போலீஸ்காரர் நின்றார். "நெஞ்சு வலி சார்" என்றேன். அவர் என் மனைவியை எட்டிப் பார்த்தார். எதிரே வந்த லாரியைக் கை காட்டி நிறுத்திவிட்டு, "போங்க, போங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார்.

அந்த நாளில் வெளியாள் ஒருவர் எங்களுக்கு இரங்கினார் என்றால் அது அந்தப் போலீஸ்காரர்தான். அப்படித்தான் நினைத்துவந்தேன். இப்போது பார்த்தால் அதே முக்கு, அதே நேரம். அபராதத்தோடு போனில் இருந்தது, பின்னால் சாலையோரத்திலிருந்து மூன்று பேரும் தெரிய எடுத்த போட்டோ. அவர்தான் எடுத்தாரா, கூட நின்ற வேறு யாராவதா, கம்பத்துக் கேமராவா, தெரியவில்லை. யாரிடம் போய் அதைக் கேட்பது?

மறுநாள் கடையில் லீவு சொல்லிவிட்டுப் போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"ஆட்சேபம் இருந்தா, அனுப்பின நாள்ல இருந்து குறிப்பிட்ட கெடுவுக்குள்ள சொல்லணும். கெடு முடிஞ்சிட்டு."

"எனக்குத் தகவலே வரலியே சார்."

"போயிருக்கு. வண்டிப் பதிவுல உள்ள போன் நம்பருக்குப் போயிருக்கு."

அது எனக்கு வண்டியை விற்றவரின் எண். ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றிய நான் போன் எண்ணை மாற்றியிருக்கவில்லை. வந்த தகவலை அவர் படித்தாரோ, பார்க்காமலே அழித்தாரோ.

கடைக்கு உரம் வாங்க வரும் வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். "இவ்வளவு நாள் கழிச்சும் அவிய கேக்கலாமா? அவியளுக்குக் கெடு கிடையாதா?"

"உண்டு அண்ணாச்சி. அந்தக் கெடுவுக்குள்ளதான் அனுப்பியிருக்காவ. கெடுவத் தவறவிட்டது நீங்கதான். கோர்ட்டுல சொல்லிப் பாக்கலாம். ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்றிதழ் எல்லாம் கொண்டுபோயி, உசுரக் காப்பாத்தத்தான் போனோம்னு சொல்லுங்க. தள்ளுபடி ஆனாலும் ஆகும்."

ஒரு திங்கட்கிழமை அவற்றையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவளுக்கு எத்தனை மணிக்கு வலி வந்தது, ஏன் வேறு வண்டி கிடைக்கவில்லை, எங்கெங்கே நின்றோம். முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த அறையில் அதை வரிசையாகச் சொல்லி, அவள் செத்துப்போனதைச் சான்றாகக் காட்ட வேண்டும். காட்டினால், சரி போ என்று விடுவார்கள். என்னால் முடியவில்லை. எழுந்து வந்து, பக்கத்து பிரவுசிங் சென்டரில் அபராதத்தைக் கட்டினேன். அங்கே இருந்த பெண் ரசீதோடு அந்தப் போட்டோவையும் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மதினி விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். தாளை நீட்டினால் வாங்க மறுத்துவிட்டார்.

"நான் பாக்கமாட்டேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க. அதுல அவ தலை நிமிந்து இருக்கா?"

"இல்ல மதினி. என் முதுகுல சாஞ்சிருக்கு."

"அந்த முக்குல அவ பிடி விட்டுப்போன மாதிரி இருந்துச்சு எனக்கு. ஒங்ககிட்ட சொன்னா வண்டிய நிறுத்திருவீயன்னு சொல்லல."

குழாயடியில் வைத்த குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மதினி போய் எடுக்கவில்லை. அப்படியானால் அந்தப் போட்டோவில் இருப்பது மூன்று பேரா, இரண்டு பேரா என்று எனக்குள் ஓடியது.

கடம்பூர்க்காரர் அந்த வாரமே வந்து வண்டியை எடுத்துப்போனார். போகும்போது, "நல்லா ஓடின வண்டி, அண்ணாச்சி. சும்மா போட்டு வச்சிட்டிய" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.