சுருட்டை வெயிலில் காயப்போட்டவன்

அறுபத்து மூன்று வயதில் நான் சுருட்டுப் பிடிக்கப் பழகினேன். வீட்டில் அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் சொல்லி வைத்திருக்கிறேன். எழுத உட்கார்ந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? வயிற்றெரிச்சலில்தான் பழகினேன்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வாலிநோக்கம் உப்பளத்தில் தலைச்சுமையாக உப்புச் சுமந்தவன். இன்றைக்கு அதே வாலிநோக்கத்தில் எனக்குச் சொந்தமாக அளம் இருக்கிறது, லாரிகள் ஓடுகின்றன, கீழக்கரையில் மாடி வீடு இருக்கிறது. யாரும் கைதூக்கி விடவில்லை. பாத்தித் தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் போதும், உப்பு என்றைக்கு விளையும் என்று சொல்லிவிடுவேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் கருவியை முக்கிப் பார்த்து அதையே சொல்வார்கள், அரை மணி நேரம் கழித்து.

கீழக்கரையில் எனக்கு ஒரே கூட்டாளி. அந்தக் காலத்தில் என்னோடு லாரியில் மூட்டை ஏற்றியவன். பிறகு வளைகுடாவுக்குப் போய் இருபத்தைந்து வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவன். அவன் முஸ்லிம், நான் இந்து. எங்கள் பக்கம் முறை சொல்லிக் கூப்பிட அதெல்லாம் தடையில்லை. அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். தினமும் அவன் சாயங்கால அசர் தொழுகையை முடித்துவிட்டு வந்ததும் அவன் வீட்டு மொட்டை மாடியில் உட்காருவோம். இரண்டு பிரம்பு நாற்காலி, எதிரே கடல். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை பேச்சு. பேச்சு என்றால் பெரும்பாலும் நான் பேசுவேன், அவன் கேட்பான். பன்னிரண்டு வருஷம் இப்படிப் போனது.

சென்ற வருஷம் ஒரு நாள் மாடிப்படி ஏறும்போதே புது வாசனை அடித்தது. கருப்பட்டி காய்ச்சிய சட்டியில் புகையிலையைப் போட்டு வாட்டினால் எப்படி இருக்கும், அப்படி. மேலே போனால் என் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கப்பலில் இன்ஜினியராக உலகம் சுற்றியவராம். சொந்த ஊர் திருவாடானைப் பக்கம். ஓய்வு பெற்ற பிறகு கடலைப் பிரிந்திருக்க முடியாமல் இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கியிருக்கிறாராம். அவர் விரலிடுக்கில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சீமைச் சுருட்டு. என் கூட்டாளி விரலிடுக்கிலும் ஒன்று. இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"வா மச்சான். அங்கன ஒரு பிளாஸ்டிக் சேர் கெடக்கு பாரு, இழுத்துப் போட்டுக்க" என்றான் கூட்டாளி.

பிளாஸ்டிக் சேர்! பன்னிரண்டு வருஷம் என் முதுகு பட்டுக் குழி விழுந்த பிரம்பு நாற்காலியில் வேறொருவர் சாய்ந்திருக்கிறார். அவர் எழுந்துகொள்ளத்தான் பார்த்தார். இவன்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"அண்ணே, ஒண்ணு பிடிச்சுப் பாருங்க" என்று அவர் மரப்பெட்டியை என் பக்கம் நீட்டினார். சுருட்டு எனக்குத் தெரியாததா என்ன? அளத்துப் பெரிசுகள் கடித்துத் துப்பும் நாட்டுச் சுருட்டைப் பார்த்தே வளர்ந்தவன். அவரே நுனியை வெட்டிப் பற்ற வைத்துக் கொடுத்தார். வாங்கி, பீடி இழுக்கிற மாதிரி நெஞ்சு நிறைய ஓர் இழுப்பு இழுத்தேன். கடல் தலைகீழானது. இருமிய இருமலில் கீழ் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஏலே, முழுங்காதலே! வாயிலயே வச்சு ருசி பாத்துட்டு வெளிய விட்டுறணும். பீடின்னு நெனச்சியா?" கூட்டாளி தொடையைத் தட்டிச் சிரித்தான். இவனுக்கு லாரிக்கு அடியில் படுத்துப் பீடி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவனே நான்தான். வெளியாள் முன்னால் அவன் எனக்குப் பாடம் எடுக்கிறான்.

"மொதத் தடவை எல்லாருக்கும் இப்படித்தாண்ணே. ஒரு துண்டு தொதல் சாப்பிடுங்க, இனிப்பு உள்ளே போனா தலைச்சுத்து நிக்கும்" என்றார் கப்பல்காரர். நின்றது. அவர் சொன்னபடியே நின்றுவிட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் மூன்று பேர். அவர்கள் பேசுவது எனக்குப் பிடிபடாது. "இப்ப மிளகு வாடை தெரியுதா?" என்பார் அவர். "ஆமா சார், பின்னாடியே கோகோ வருது" என்பான் இவன். இவன் எந்தக் கோகோவை எப்போது தின்றான்? நான் உப்பு விலையைப் பற்றி ஆரம்பித்தால் இரண்டு பேரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் புகைக்குத் திரும்பிவிடுவார்கள். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனிதனைப் பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் வைத்திருந்துவிட்டு ஒரு மரப்பெட்டியிடம் பறிகொடுப்பதா?

சரி, நாமும் பிடிப்போம், அவர்களைவிடப் பெரிதாகப் பிடிப்போம் என்று முடிவு செய்தேன். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி வைத்து ஒரு பெட்டி வரவழைத்தேன். கப்பல்காரருடையதைவிட ஒரு விரல்கடை நீளம். ஆசையாகப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று அமுங்கியது. எனக்குத் திக்கென்றது. நமத்துப் போயிருக்கிறது! கடற்கரை ஊரில் நமத்துப் போவது புதிதா? அப்பளம் நமத்துப்போகும், தீப்பெட்டி நமத்துப்போகும், கருவாடு நமத்துப்போகும். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே மருந்துதான் உண்டு.

மறுநாள் சுருட்டுகளை அளத்துக்கு எடுத்துப் போய், வரப்பில் சாக்கை விரித்து, வரிசையாக அடுக்கி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போட்டேன். உப்பு வாருகிற பெண்கள் கூடை இறக்கும் சாக்கில் வந்து வந்து பார்த்தார்கள்.

"என்ன மொதலாளி, புதுத் தினுசுக் கருவாடா இருக்கு?"

"சீமைச் சுருட்டும்மா. போய் வேலையைப் பாரு."

"காக்கா தூக்கிட்டுப் போயிறாம. அப்புறம் அதுகளும் பொகைய விட்டுக்கிட்டுப் பறக்கும்."

இரண்டாம் நாள் சாயங்காலம் தட்டிப் பார்த்தால் கணீரென்று சத்தம் வந்தது. இதுவல்லவா பதம் என்று பெட்டியோடு மாடிக்குப் போனேன். "இன்னைக்கு ரெண்டு பேரும் நம்ம சரக்கைப் பிடிங்க" என்று ஆளுக்கொன்று நீட்டினேன். கூட்டாளி நுனியை வெட்டினான். மேல் இலை நீளவாக்கில் சடசடவென்று பிளந்தது. கப்பல்காரர் கையிலிருந்தது உடையாமல் தப்பித்தது. ஆனால் பற்ற வைத்ததும் பனையோலை மாதிரி குபுகுபுவென்று எரிந்து, ஒரு தேநீர் குடிக்கிற நேரத்தில் பாதி போய்விட்டது. அவர் கண்ணில் தண்ணீர்.

"என்னத்தலே பண்ணுன இதை?" என்றான் கூட்டாளி.

"நமத்திருந்துச்சு. காயப்போட்டேன்."

"எங்கன?"

"அளத்துல."

அவன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தான். கப்பல்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "அண்ணே, இதுக்கு ஈரம்தான் உசுரு. மெத்துன்னு இருக்கிறதுதான் சரியான பதம். மிச்சத்தைக் காப்பாத்திறலாம். ஒரு மூடியில கல்லுப்பைப் போட்டு, கூழ் மாதிரி ஆகுற அளவுக்குத் தண்ணி விட்டு, சுருட்டுல படாம பெட்டிக்குள்ள வச்சு இறுக்கி மூடிருங்க. ஈர உப்பு அளவா ஈரத்தைக் கொடுக்கும், கூடுதலா இருந்தா இழுத்துக்கும். மூணு வாரத்துல திரும்பிரும். உப்பைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

சொல்லிவிட்டாரே! ஐம்பது வருஷம் உப்பில் கிடந்தவனுக்கு, கப்பல் மிஷினில் எண்ணெய் விட்டவர் உப்பைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறார். என் கூட்டாளி அதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். பெட்டியை மூடிக்கொண்டு இறங்கி வந்தேன்.

மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கூப்பிடுவான் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. சாயங்காலம் வேலையே இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு அவன் தெரு வழியாகப் போவேன். மாடிச் சுவருக்கு மேலே இரண்டு புகை எழுந்து காற்றில் ஒன்றாகிப் போகும். என் வீட்டுக்காரி, "யாரைத் தேடி இந்தச் சுத்துச் சுத்துறீக?" என்று கேட்டாள்.

ஆனால் உப்புக் கூழ் வைக்காமலும் இருக்கவில்லை. அளத்து மோட்டார் கொட்டகையில் பெட்டியை மூடி வைத்து, மூன்று வாரம் கழித்துத் திறந்தால் பிளந்தவை பிளந்தபடி கிடந்தன; மற்றவை பட்டுப்போல் ஆகியிருந்தன. அந்த ஆளைத் திட்டிக்கொண்டே தனியாக உட்கார்ந்து பழகினேன். நுனி வெட்டுகிற கருவி என்னிடம் கிடையாது. வீட்டுக்காரியின் பாக்குவெட்டியைக் கொண்டு வந்தேன். ஒரே நறுக்கு, அவ்வளவு சுத்தம். கப்பல்காரரின் பளபளப்புக் கருவி அதற்குப் பக்கத்தில் நிற்காது. தீயைச் சுருட்டில் முட்டாமல் தள்ளிப் பிடித்து, உருட்டி உருட்டி நுனியைச் சுற்றிலும் கனிய வைக்க வேண்டும். அவசரப்படாமல் நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு. சாம்பலைத் தட்டக் கூடாது, தானாக விழ வேண்டும். ஒரு நாள் மிளகு தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. "மாப்ளே, மிளகுடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மோட்டார் மட்டும்தான் பக்கத்தில் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்மா தொழுகை முடிந்து, தலைத்தொப்பியோடு கூட்டாளி ஆட்டோவில் அளத்துக்கு வந்து இறங்கினான்.

"செத்துக்கித்துப் போயிட்டியோன்னு பாக்க வந்தேன்."

"உனக்கென்ன கவலை? எங்க உன் கப்பல்காரரு?"

"மதுரைக்குப் போயிருக்காரு, கண்ணு காட்ட."

"அதான் என் ஞாபகம் வந்துச்சாக்கும்."

அவன் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்தான். நான் ஒரு சுருட்டை எடுத்துப் பாக்குவெட்டியில் நறுக்கி, பதமாகப் பற்ற வைத்து அவனிடம் கொடுத்தேன். இழுத்தான். கண்ணை மூடினான். "நல்லாயிருக்கு மச்சான்" என்றான். என் தலையிலிருந்து ஒரு கூடை உப்பை இறக்கி வைத்தது போலிருந்தது. அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். "அவரைவிட நான் எதுல கொறஞ்சு போனேன், சொல்லு?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் புகையை ஊதிவிட்டுச் சொன்னான்: "தப்பா எடுத்துக்காத. நீ பாத்தி வாங்குன கதை எனக்குத் தெரியும். லாரி வாங்குன கதை தெரியும். மொத மழையில உப்பு கரைஞ்சு போய் நீ அழுத கதை, அழலன்னு சொல்ற கதை, ரெண்டும் தெரியும். பன்னெண்டு வருசமாக் கேக்குறேன். அந்த மனுசன் புதுசா நாலு சொல்றாரு. என்கிட்டயும் நாலு கேக்குறாரு. பாலைவனத்துல நான் என்ன வேலை பார்த்தேன்னு உனக்குத் தெரியுமாலே?"

தெரியாது. சூப்பர்வைசர் வேலை என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

பழக்க தோஷத்தில், "கேளு, சொல்றேன்" என்றுதான் வாயில் வந்தது.

"'கேளு'ன்னு நீ சொல்லக் கூடாதுலே. நீதான் கேக்கணும்" என்று சிரித்தான்.

கேட்டேன். தண்ணீர் லாரி ஓட்டியிருக்கிறான். ஒரு முறை மணற்காற்றில் வழி தப்பி, வண்டி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு சாப்பிட ஒன்றுமில்லாமல் இரண்டு நாள் கிடந்திருக்கிறான். அந்தக் கதை எனக்கு முன்னாலேயே கப்பல்காரருக்குத் தெரியும் என்று நினைத்தபோது சுருட்டு கசந்தது.

மறுநாளிலிருந்து மாடிக்குப் போக ஆரம்பித்தேன். பிரம்பு நாற்காலி இன்னும் அவருக்குத்தான், எனக்குப் பிளாஸ்டிக்தான். கப்பல்காரர் என் பாக்குவெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, இதைப்போல ஒன்று வேண்டும் என்றார். கடையில் கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமில்லை, சந்தோஷமும் இல்லை. ஆனால் ஒன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அவர் மத்தியானம் தூங்கி எழுந்து ஐந்து மணிக்குத்தான் வருவார். கூட்டாளி நாலு மணிக்கே தொழுதுவிட்டு வந்துவிடுவான். நான் நாலு மணிக்குப் போய்விடுகிறேன். அந்த ஒரு மணி நேரம் நான் கேட்கிறேன், அவன் சொல்கிறான். கதை பாதியில் இருக்கும்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் அவர் நாலரைக்கே வந்துவிட்டார், தூக்கம் வரவில்லையாம். இனிமேல் பள்ளிவாசல் வாசலிலேயே போய் நின்று, கூட்டாளி செருப்பை மாட்டும்போதே பிடித்துக்கொண்டால் என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.